எல்.ஐ.சி. பில்டிங்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பஸ்ஸும் காரும் பெருகுவதற்கு முன்னால், தெரிந்தவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு மவுண்ட் ரோட்டில் பழைய கட்டிடங்களைப் பார்த்தபடி நடப்பது என் வழக்கம். கட்டுமானத் தொழிலில் இருந்தவன் என்பதால் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அதிகமாகக் கேள்வி வருவது எல்.ஐ.சி. பில்டிங் முன்னால்தான், அதுவும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைப் பதிலாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல்ல, எந்த பில்டிங்கைச் சொல்றீங்க? எல்.ஐ.சி.க்கு ஊரெல்லாம் ஆபீஸ் இருக்கே?

சென்னை அண்ணா சாலையில், அதாவது பழைய மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் பிளாசாவுக்குக் கொஞ்ச தூரத்தில் உயரமாக நிற்கிறதே, அது. பழைய தமிழ்ப் படங்களில் கிராமத்திலிருந்து ஒருவன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்து இதைத்தான் காட்டுவார்கள். 2019 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ ஸ்டேஷனுக்கும் 'எல்.ஐ.சி.' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு ஆபீஸ் கட்டிடத்தின் பெயர் அந்த இடத்துக்கே பெயராகிவிட்டது.

மொத்தம் எத்தனை மாடி? ஒருத்தர் 12ங்கிறார், ஒருத்தர் 14ங்கிறார், இன்னொருத்தர் 15ன்னு அடிச்சுச் சொல்றார்.

இந்தச் சண்டை எப்போதும் உண்டு. தரைத்தளத்தைச் சேர்ப்பதா, மேலே லிஃப்ட் எந்திரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும் பகுதியை மாடி என்று கணக்கில் எடுப்பதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். மெட்ராஸ்காரர்கள் வாயில் அது 'பதினாலு மாடி பில்டிங்'தான். என் அப்பா காலத்து ஆட்கள் எல்.ஐ.சி. என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், பதினாலு மாடி என்றாலே போதும், பஸ் கண்டக்டருக்குப் புரிந்துவிடும்.

உயரம் 177 அடி, சுமார் 54 மீட்டர். முதலில் 18 மாடிக்குத்தான் யோசித்தார்கள், பிறகு குறைத்துக்கொண்டார்கள். அதனால் மாடிக் கணக்கை விட்டுவிட்டு அடிக்கணக்கைச் சொல்வது நல்லது.

ஆசியாவிலேயே உயரமான கட்டிடம்னு பாட்டி சொல்லுவாங்க. நிஜமா?

இல்லை. ஷாங்காயில் பார்க் ஹோட்டல் 1934லேயே 22 மாடியோடு வந்துவிட்டது, உயரம் 80 மீட்டருக்கும் மேல். ஆனால் இந்தியா என்று எடுத்துக்கொண்டால் பாட்டி சொன்னது சரி. 1959ல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான அடுக்குமாடிக் கட்டிடம் இதுதான். 1961ல் மும்பையில் உஷா கிரண் என்ற கட்டிடம் வந்து அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டது. சென்னைக்குள் மட்டும் 30 ஆண்டுகளுக்கும் மேல் இதை மிஞ்ச எதுவும் வரவில்லை.

'அடுக்குமாடி' என்பதை அழுத்திச் சொல்கிறேன். குதுப்மினாரும் தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் இதைவிட உயரமானவை, ஆனால் அவற்றின் உச்சிவரை தளம் தளமாக மேஜை நாற்காலி போட்டு உட்கார முடியாது. தினமும் நூற்றுக்கணக்கான பேர் மேலே ஏறி, வேலை பார்த்து, சாயங்காலம் இறங்கிப் போகிற கட்டிடம் இவ்வளவு உயரத்தில் என்பதுதான் அன்றைக்குப் புதிது.

கட்டினது எல்.ஐ.சி.தானே?

இல்லை என்று சொன்னதும் பெரும்பாலானவர்கள் நம்புவதில்லை. 1953ல் வேலை தொடங்கியபோது எல்.ஐ.சி. என்ற நிறுவனமே கிடையாது. யுனைடெட் இந்தியா லைஃப் என்ற மெட்ராஸ் காப்பீட்டுக் கம்பெனி தன் தலைமையகமாகக் கட்ட ஆரம்பித்தது இது. அதை நடத்தியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த வங்கியை ஒரே நாளில் காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் என்று மூன்று ஊர்களில் திறந்தார். அப்படிப் பெரிதாக யோசிக்கிறவர் 18 மாடி என்று ஆரம்பித்ததில் வியப்பில்லை.

அப்போ செட்டியார் திறப்பு விழாவுக்கு வந்தாரா?

வரவில்லை. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் தரையிறங்கும்போது பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் விமானம் விபத்துக்குள்ளாகி 33 பேர் இறந்தார்கள். அதில் அவரும் ஒருவர், வயது 45. கட்டிடம் ஆரம்பித்து ஒரு வருடம் போல்தான் ஆகியிருந்தது. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் தலையைத் தூக்கி உச்சியைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன்.

சரி, தனியார் கம்பெனி கட்டினது எப்படி அரசாங்கத்துக்குப் போச்சு?

1956 ஜனவரி 19 அன்று ஆயுள் காப்பீட்டுத் தொழிலை மத்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தால் தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்றிரவு நிதி அமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் அறிவித்தார். இந்தியக் கம்பெனிகள், வெளிநாட்டுக் கம்பெனிகள், சேமநிதிச் சங்கங்கள் என்று மொத்தம் 245 அமைப்புகள் ஒன்றாகி, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. அந்த 245ல் யுனைடெட் இந்தியா லைஃபும் ஒன்று. பாதி கட்டின கட்டிடமும் அதோடு சேர்ந்து போனது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய முறைகேடு இருக்கிறது. அதற்கும் இதே மவுண்ட் ரோட்டில் இருக்கும் இன்னொரு கட்டிடத்துக்கும் தொடர்பு உண்டு. அதைக் கீழே பாரத் இன்சூரன்ஸ் கேள்வியில் சொல்கிறேன்.

டிசைன் பண்ணது வெள்ளைக்காரரா, நம்ம ஆளா?

இரண்டும். வரைந்தவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் என்ற கட்டிடக் கலைஞர்கள். 1957ல் அவர்கள் விலகிக்கொண்டார்கள். மீதியை முடித்துக் கொடுத்தவர் மெட்ராஸில் தொழில் செய்த எல்.எம். சித்தாலே. கட்டுமான ஒப்பந்தக்காரர்கள் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த கோரமண்டல் இன்ஜினியரிங். ஆக, முதலாளி செட்டிநாட்டுக்காரர், ஒப்பந்தக்காரர்கள் செட்டிநாட்டுக்காரர்கள், வரைபடம் மட்டும் லண்டனிலிருந்து வந்தது.

ஒருவர் ஆரம்பித்ததை இன்னொருவர் முடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அடுத்தவர் வரைபடத்தை, அவர் அருகில் இல்லாதபோது, அவர் ஏன் அப்படிப் போட்டார் என்று ஊகித்து ஊகித்துத்தான் மேலே போக வேண்டும். சித்தாலே பெயரை இந்தக் கட்டிடத்தோடு சேர்த்துச் சொல்வதே இல்லை. எனக்கு அது மனக்குறை.

எவ்வளவு செலவாச்சு?

87 லட்சம் ரூபாய். இன்று அந்தப் பணத்துக்கு அதே சாலையில் ஒரு நல்ல ஃபிளாட் கிடைப்பதே கஷ்டம் என்பார்கள், அது சரிதான், ஆனால் அன்றைய ரூபாயில் அது மிகப் பெரிய தொகை.

திறந்து வெச்சது மொரார்ஜி தேசாயாமே. டி.டி.கே.தானே அப்போ நிதி அமைச்சர்? அவர் மெட்ராஸ்காரர் வேறயே?

நல்ல கேள்வி, விஷயம் தெரிந்தவர்கள் கேட்பது. கட்டிடம் திறந்தது 1959 ஆகஸ்ட் 23 அன்று. அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 1958 பிப்ரவரியில், டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகிவிட்டார். ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. பணத்தில் வாங்கிய விவகாரம் நாடாளுமன்றத்தில் வெடித்து, விசாரணை நடந்து, கடைசியில் அமைச்சர் பதவி போனது. மார்ச்சில் மொரார்ஜி அந்த இடத்துக்கு வந்தார்.

அந்தக் கட்டிடத்தைத் திறந்து வைக்க வேண்டிய மெட்ராஸ்காரர் அந்த நிறுவனத்தின் விவகாரத்தாலேயே பதவியை இழந்திருந்தார். 1959ல் மேடையில் இருந்தவர்கள் யாருக்கும் இது மறந்திருக்காது.

பார்க்க வெறும் பெட்டி மாதிரி இருக்கு. கோபுரமில்ல, வளைவில்ல, சிற்பமில்ல. இதுல என்ன கட்டிடக் கலை இருக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். இதற்குப் பதில் சொல்ல நான் நடையில் ஒரு வேலை செய்வேன். மவுண்ட் ரோட்டில் 100 வருடம் தாண்டிய ஒரு கட்டிடத்தின் கீழ்த்தள ஜன்னலருகே நிறுத்தி, வெளிச் சுவரிலிருந்து ஜன்னல் சட்டம் வரைக்கும் கையை நீட்டச் சொல்வேன். விரல் நுனி சட்டத்தைத் தொடும்போது முழங்கை சுவர் விளிம்புக்கு வந்துவிடும். அவ்வளவு தடிமன். அந்தச் சுவர்தான் மேல்மாடியையும் கூரையையும் தாங்குகிறது. மாடி கூடக்கூட அடிச்சுவர் தடிக்க வேண்டும், ஜன்னல் சிறுக்க வேண்டும். 1913ல் திறந்த ரிப்பன் மாளிகையும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். அதன் கோபுர உயரம் 132 அடி, ஆனால் அது ஒற்றைக் கோபுரம், உள்ளே ஆபீஸ் வைக்கிற மாடிகள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன.

எல்.ஐ.சி. பில்டிங்கில் சுவர் எதையும் தாங்கவில்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தூண்கள், அவற்றை இணைக்கும் உத்தரங்கள், அவற்றின் மேல் தளம், இதுதான் எலும்புக்கூடு. சுவர் வெயிலும் மழையும் வராமல் தடுக்கிற மறைப்பு மட்டும்தான். பத்தாவது மாடியில் ஒரு சுவரை இடித்துவிட்டு வேறு இடத்தில் எழுப்பினாலும் பதினோராவது மாடிக்கு ஒன்றும் ஆகாது. தென்னிந்தியாவில் செங்கல்-சுண்ணாம்பிலிருந்து கான்கிரீட் தூணுக்கு மாறிய திருப்பத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். இன்று நீங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்டும் இதே முறைதான். அதனால்தான் இது சாதாரணமாகத் தெரிகிறது, 1959ல் மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்த ரோட்டில் நின்று பார்த்தவனுக்குச் சாதாரணமாகத் தெரிந்திருக்காது.

பழைய முறை அவ்வளவு மோசமா என்ன?

மோசமே இல்லை, அப்படி நான் சொல்லவும் மாட்டேன். மெட்ராஸ் டெரஸ் என்ற கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்தரங்களுக்குக் குறுக்கே, சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, கோணலாக வரிசை போட்டு, சுண்ணாம்புக் காரையால் ஒட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். மே மாத மதியத்தில் அந்தக் கூரைக்குக் கீழே போய் நின்று பாருங்கள், கான்கிரீட் வீட்டின் மேல்மாடிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லும்.

சில வருடங்களுக்கு முன்னால் மவுண்ட் ரோட்டின் சந்து ஒன்றில் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். குவியலிலிருந்து உள்சுவர் பூச்சில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை எடுத்து வந்தேன். மேல்பக்கம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது, சோழியையும் கிளிஞ்சலையும் சுட்டுச் செய்த மெட்ராஸ் சுண்ணாம்பின் மெருகு. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் சரியாக வேகாத கிளிஞ்சல் நுனி ஒன்று வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. குறை ஒன்றே ஒன்று, இந்த முறையில் மேலே மேலே போக முடியாது.

ஏன் முடியாது? சுவரை இன்னும் தடிமனா கட்டினா போச்சு.

அதையும் ஒரு ஊரில் செய்து பார்த்தார்கள். சிகாகோவில் மொனாட்னாக் பில்டிங் என்று ஒன்று, 1891ல் முடிந்த அதன் வடபாதி 16 மாடி, எடையைத் தாங்குவது தடித்த செங்கல் வெளிச்சுவர்கள்தான். அடியில் சுவர் 6 அடி தடிமன். மண் அந்தப் பாரத்தைத் தாங்காமல் கட்டிடம் காலப்போக்கில் 20 அங்குலம் போல் கீழே இறங்கியது, இன்னும் நிற்கிறது என்பது வேறு விஷயம். இரண்டு வருடம் கழித்து அதன் தென்பாதியைச் சேர்த்தபோது எஃகுச் சட்டத்துக்கு மாறிவிட்டார்கள்.

தடிச்சுவர் இரண்டு விதத்தில் நஷ்டம். வாடகைக்கு விட வேண்டிய இடத்தைச் சுவரே தின்றுவிடும், அதுவும் ரோட்டோரத்துக் கீழ்த்தளத்தில், எங்கே அதிக வாடகை கிடைக்குமோ அங்கே. அப்புறம் அந்த எடை எல்லாம் அஸ்திவாரத்துக்கு வரும். மெட்ராஸ் மாதிரி பாறை எட்டாத, மணலும் களிமண்ணுமான ஊரில் அது சின்னக் கவலை இல்லை.

1975ல எரிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே. அப்போ இப்ப இருக்கறது புதுசா கட்டினதா?

1975 ஜூலையில் பெரிய தீ விபத்து நடந்தது உண்மை. ஆனால் நீங்கள் பார்ப்பது அதே கட்டிடம்தான், பழுது பார்த்தது. கான்கிரீட் தூணில் கம்பி வெளியே தெரியாது. அதைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கும் மேல் கான்கிரீட் போர்வை இருக்கும். வெப்பம் உள்ளே போய்க் கம்பியை இளக்குவதற்கு அது நேரம் எடுக்க வைக்கும். காகிதம், மர அலமாரி, தட்டி, மேஜை எல்லாம் எரிந்து போகும், எலும்புக்கூடு பெரும்பாலும் நிற்கும். மரக்கூரை போட்ட பழைய கட்டிடங்களின் கதை வேறு. 80களில் ஸ்பென்சரின் பழைய கட்டிடம் எரிந்தபோது என்ன ஆனது என்று பார்த்தோமே. அந்த இடத்தில் இப்போது பிளாசாதான் நிற்கிறது.

2023லயும் தீப்பிடிச்சுதே, நான் வாட்ஸ்அப்ல வீடியோ பார்த்தேன்.

அது ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் இருந்த விளம்பரப் பலகை எரிந்தது, யாருக்கும் காயம் இல்லை. எரிந்தது பலகை, கட்டிடம் இல்லை. அன்று எனக்கு வந்த போன்களைப் பார்த்தால் ஊர் இந்தக் கட்டிடத்தை எவ்வளவு தன்னுடையதாக நினைக்கிறது என்று தெரிந்தது, துபாயில் இருக்கும் தம்பி மகன்கூடக் கூப்பிட்டு 'பெரியப்பா, பதினாலு மாடிக்கு என்னாச்சு?' என்றான்.

பாரத் இன்சூரன்ஸ் பில்டிங்னு சிவப்பா ஒண்ணு இருக்கே, அதுவும் எல்.ஐ.சி.யோடதாமே? ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சேன்.

இரண்டும் வேறு, ஆனால் இரண்டுக்கும் உரிமையாளர் எல்.ஐ.சி.தான். சிவப்புக் கட்டிடம் 1897ல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காகக் கட்டியது, வரைந்தவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். கார்டில் பில்டிங் என்று பெயர். கூர்கோபுரங்களும் வளைவுகளுமாக, இந்தோ-சாரசெனிக் பாணியில், நீங்கள் மேலே கேட்ட 'கலை' எல்லாம் அதில் உண்டு. 1934ல் பாரத் இன்சூரன்ஸ் கம்பெனி அதை வாங்கியது. நாட்டுடைமை ஆனபோது அந்தக் கம்பெனியும் எல்.ஐ.சி.க்குள் போனது.

முன்னால் பாக்கி வைத்த கதை இதுதான். பாரத் இன்சூரன்ஸ் பணத்தை அதன் உரிமையாளர் ராமகிருஷ்ண டால்மியா தன் மற்ற தொழில்களுக்குத் திருப்பிவிட்டதை 1955 டிசம்பரில் காங்கிரஸ் எம்.பி. ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தார். அடுத்த மாதமே நாட்டுடைமை அவசரச் சட்டம். டால்மியா பிறகு சிறைக்குப் போனார். முந்த்ரா விவகாரத்தை எழுப்பி டி.டி.கே. பதவி விலகக் காரணமானவரும் இதே ஃபெரோஸ் காந்திதான். சிவப்புக் கட்டிடத்தின் கம்பெனியில் நடந்த தவறால், கொஞ்ச தூரத்தில் எழும்பிக்கொண்டிருந்த செட்டியார் கட்டிடத்தின் பெயரே மாறிப்போனது. இந்த இரண்டையும் ஒரே நடையில் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சிவப்புக் கட்டிடத்தை ஏன் அப்படி விட்டு வெச்சிருக்காங்க?

2006ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது, 2010ல் காக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. சென்னையில் பாரம்பரியக் கட்டிடங்கள் பற்றி யார் வழக்குப் போட்டாலும் அந்தத் தீர்ப்பைத் தொடாமல் பேச முடியாது. இடிக்காமல் நிறுத்தியது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் கட்டிடம் என்றால் ஆள் புழங்க வேண்டும். ஓட்டையில் தண்ணீர் இறங்கினால் அன்றே கவனிக்கிற ஆள் இல்லாத கட்டிடத்தை ஆலங்கன்று தின்றுவிடும், சட்டத்தால் அதை நிறுத்த முடியாது.

அப்படின்னா எல்.ஐ.சி. பில்டிங்கையும் பாரம்பரியக் கட்டிடம்னு சொல்லணுமா? 60 வருஷம்தானே ஆச்சு?

சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. 'பாரம்பரியம்' என்றால் வெள்ளைக்காரன் காலத்துச் சிவப்புச் செங்கல் என்று நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே இருந்தவர்களின் பணத்தில், இங்கே இருந்தவர்களின் உழைப்பில், தெரியாத ஒரு முறையைக் கற்றுக்கொண்டு கட்டியதும் நம் வரலாறுதான். பழைய முறையைப் பற்றி மேலே அவ்வளவு ஆசையாகப் பேசிவிட்டு இப்படிச் சொல்கிறீர்களே என்று கேட்பார்கள். இரண்டும் எனக்கு வேண்டும். ஒன்று இல்லாமல் இன்னொன்று ஏன் வந்தது என்று பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

உள்ளே போய் மேலே ஏறிப் பார்க்கலாமா?

அது இயங்குகிற அலுவலகம், சுற்றிப்பார்க்கும் இடம் இல்லை. பாலிசி வேலை இருந்தால் போகலாம். மொட்டை மாடிக்கு விடுவார்களா என்று செக்யூரிட்டியிடம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

அப்போ எங்கேருந்து பார்த்தா நல்லா இருக்கும்?

எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்து, காலை ஏழு மணிக்குள். மெட்ரோவில் எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கினால் ரோட்டைக் கடக்கிற தொல்லை குறைவு. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிதான் மிச்சம், கொஞ்சம் தள்ளிப் போங்கள். முதலில் சுற்றியுள்ள கட்டிடங்களைப் பாருங்கள், 1904ல் கட்டின ஹிக்கின்பாதம்ஸ் மாதிரி இரண்டு மாடி, மூன்று மாடிக்காரர்களை. புதிதாக வந்த கண்ணாடிக் கட்டிடங்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெதுவாக இதன் பக்கம் திரும்புங்கள்.